"இது எங்க லிமிட் இல்லை": டமாஸ்கஸ் சிறைக்கு ஜெர்மனியில் தீர்ப்பு வந்தது எப்படி?

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கின்றன.)



மூணு வருஷத்துக்கு முன்னாடி பஸ்ல என் போனை யாரோ அடிச்சுட்டாங்க. பஸ் ஏறின ஸ்டாப் பக்கத்துல இருந்த ஸ்டேஷனுக்குப் போனேன். "போன் இல்லைன்னு எங்க வெச்சு கவனிச்சீங்க?"ன்னு கேட்டாங்க. இறங்கின இடத்தைச் சொன்னேன். "அப்போ அது எங்க லிமிட் இல்லை தம்பி, அந்த ஸ்டேஷன்ல குடுங்க." அங்க போனா, "ஏறும்போதுதான சார் அடிச்சிருப்பான், அங்கேயே குடுங்க." அன்னைக்கு முழுக்க நான் ரெண்டு ஸ்டேஷனுக்கும் நடுவுல ஷட்டில் அடிச்சதுதான் மிச்சம். நீங்களும் வாழ்க்கையில ஒரு தடவையாவது இந்த 'லிமிட்' என்கிற வார்த்தையைக் கேட்டிருப்பீங்க.

இப்போ இதை யோசிச்சுப் பாருங்க. ஒரு போனுக்கே பக்கத்து ஸ்டேஷன் 'எங்க லிமிட் இல்லை'ன்னு சொல்லுது. ஆனா 2022 ஜனவரி 13ஆம் தேதி, ஜெர்மனியில் கோப்லென்ஸ் என்கிற ஊர் நீதிமன்றம், சுமார் 3000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சிரியாவின் டமாஸ்கஸ் நகரச் சிறை ஒன்றில் நடந்த சித்திரவதைக்காக ஒருத்தருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. குற்றம் நடந்தது சிரியாவில். செய்தவர் சிரியர். பாதிக்கப்பட்டவர்களும் சிரியர்கள். ஒரு ஜெர்மன்காரர்கூட இந்தக் கதையில் இல்லை.

அப்போ ஜெர்மனிக்கு எங்கிருந்து வந்தது அந்த லிமிட்? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் வக்கீல் இல்லை, கோடு எழுதுற ஆளு. இந்த வழக்கைப் படிக்க ஆரம்பிச்சு ரெண்டு மாசமா விட முடியலை. அதனால ஒரு இன்ஜினியர் இன்னொரு இன்ஜினியருக்குச் சொல்ற மாதிரிதான் சொல்லப்போறேன். நடுவுல சித்திரவதை, மரணம் பற்றிய விவரங்கள் வரும். கேட்க முடியாதவங்க அந்தப் பகுதியைத் தாண்டிப் போயிடுங்க.

அகதி முகாமில் ஒரு தெரிந்த முகம்

அன்வர் அல்-புன்னி என்று ஒரு சிரிய வழக்கறிஞர். அரசியல் கைதிகளுக்காக வாதாடியவர். 2006இல் அவரையே டமாஸ்கஸில் பிடித்துக்கொண்டுபோய் உள்ளே வைத்தார்கள். ஐந்து வருடம் சிறை. பிறகு உள்நாட்டுப் போர் முற்றியபோது நாட்டை விட்டு வெளியேறி, 2014இல் பெர்லினில் மாரியன்ஃபெல்டே என்கிற அகதிகள் முகாமுக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே ஒரு ஆளைப் பார்க்கிறார். 'இவரை எங்கேயோ பார்த்திருக்கோமே' என்று ஒரு உறுத்தல். சட்டென்று பிடிபடவில்லை. அப்புறம்தான் தெரிய வருகிறது: அவர் அன்வர் ரஸ்லான். சிரிய உளவுத்துறையில் கர்னல். 2006இல் தன்னைப் பிடித்தவரே இவர்தான் என்கிறார் அல்-புன்னி. இப்போது இரண்டு பேருமே அகதிகள். இரண்டு பேருமே பெர்லினில்.

ரஸ்லான் சாதாரண அதிகாரி இல்லை. டமாஸ்கஸில் 'பிரிவு 251' என்று ஒரு உளவுப் பிரிவு இருந்தது. அது இருந்த பகுதியின் பெயரால் 'அல்-கதீப்' என்றும் சொல்வார்கள். அதற்குள்ளேயே ஒரு சிறை. அங்கே விசாரணைத் துறையின் தலைவர் இவர். 2011இல் சிரியாவில் மக்கள் தெருவுக்கு வந்து போராடியபோது, பிடிபட்டவர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுவரப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று.

2012 கடைசியில் ரஸ்லான் அரசிடமிருந்து விலகி ஓடிவிட்டார். ஜோர்டானுக்குப் போனார், எதிர்க்கட்சியினரோடு சேர்ந்தார். 2014 ஜெனீவா பேச்சுவார்த்தைக்குப் போன எதிரணிக் குழுவிலும் இருந்தார். அதே வருடம் ஜெர்மனிக்கு முறைப்படி விசா வாங்கி வந்தார். ஒளிந்து வரவில்லை, போலி பாஸ்போர்ட்டும் இல்லை.

இதில் எனக்கு இன்னமும் நம்ப முடியாத இடம் ஒன்று இருக்கிறது. 2015 பிப்ரவரியில் அவரே பெர்லின் போலீஸிடம் போய், 'சிரிய உளவாளிகள் என்னைப் பின்தொடர்கிறார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது' என்று புகார் கொடுத்தார். தான் யார், முன்பு என்ன பதவியில் இருந்தேன் என்பதையும் சொன்னார். 2017இல் வேறொரு விசாரணையில் சாட்சியாகப் பேசும்போதும் அந்தப் பிரிவில் தன் வேலை பற்றிப் பேசினார். அவரைப் பொறுத்தவரை, தான் கட்சி மாறி வந்தவர், நல்லவர்கள் பக்கம் நிற்பவர். 2019 பிப்ரவரியில் போலீஸ் கதவைத் தட்டியபோதுதான் கதை வேறு மாதிரி இருப்பது தெரிந்தது.

நாலாவது கதவு

சரி, சட்டத்துக்கு வருவோம். ஒரு நாட்டு நீதிமன்றம் ஒரு குற்றத்தை விசாரிக்க வழக்கமாக மூன்று கதவுகள் உண்டு. ஒன்று, குற்றம் என் மண்ணில் நடந்தது. இரண்டு, செய்தவர் என் குடிமகன். மூன்று, பாதிக்கப்பட்டவர் என் குடிமகன். பெரும்பாலான வழக்குகள் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

நாலாவது ஒன்று இருக்கிறது. சில குற்றங்கள் எவ்வளவு கொடியவை என்றால், அவை ஒரு ஊருக்கோ நாட்டுக்கோ எதிரானவை மட்டுமில்லை. மொத்த மனித குலத்துக்கும் எதிரானவை. அதனால் செய்தவர் எந்த நாட்டில் கால் வைத்தாலும் அந்த நாடு பிடித்து விசாரிக்கலாம். இதுதான் 'யுனிவர்சல் ஜூரிஸ்டிக்‌ஷன்'. ஈழத்தமிழ்ப் பத்திரிகைகளில் 'உலகளாவிய நியாயாதிக்கம்' என்று எழுதுவார்கள். நல்ல வார்த்தை, நானும் அதையே பயன்படுத்துறேன்.

இதன் வேர் கடற்கொள்ளையில் இருக்கிறது. நடுக்கடல் யார் லிமிட்? யாருடையதும் இல்லை. அதனால் கொள்ளையனை யார் பிடித்தாலும் அவர்களே தண்டிக்கலாம் என்று பழைய காலத்திலேயே வழக்கம் வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த யோசனை வேறு கட்டத்துக்குப் போனது. 1949 ஜெனீவா உடன்படிக்கைகள், மோசமான போர்க்குற்றம் செய்தவர்களைத் தேடிப்பிடித்து விசாரி, இல்லையென்றால் விசாரிக்கத் தயாராக இருக்கிற நாட்டிடம் ஒப்படை என்று கையெழுத்திட்ட நாடுகளுக்குக் கடமையாகவே வைத்தன. 1984இல் வந்த சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையும் அதே மாதிரி: விசாரி, அல்லது ஒப்படை.

நம்ம ஊரில் 'ஜீரோ எஃப்ஐஆர்' கேள்விப்பட்டிருப்பீங்க. எந்த ஸ்டேஷனில் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். அவங்க பதிவு பண்ணிட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பணும். 2012 டெல்லி சம்பவத்துக்கு அப்புறம் பரவலாகப் பேசப்பட்டது, 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நேரடியாகவே சேர்ந்துவிட்டது. உலகளாவிய நியாயாதிக்கமும் கொஞ்சம் அது மாதிரிதான். ஆனா ஒரு பெரிய வித்தியாசம். ஜீரோ எஃப்ஐஆரில் ஃபைலை அனுப்ப ஒரு 'உரிய ஸ்டேஷன்' இருக்கு. 2019இல் டமாஸ்கஸுக்கு அந்த ஃபைலை அனுப்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்? குற்றம் செய்த துறையே இன்னும் அதிகாரத்தில் இருந்தது. அனுப்ப இடமில்லாதபோதுதான் இந்த நாலாவது கதவு தேவைப்படுது.

'தி ஹேக் இருக்கே?'

உங்களில் பாதிப் பேர் இந்நேரம் இதைக் கேட்டிருப்பீங்க. நெதர்லாந்தில் தி ஹேக் நகரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இருக்கே, அங்க போக வேண்டியதுதானே?

முடியாது. அந்த நீதிமன்றத்துக்கும் லிமிட் இருக்கு. அதன் சாசனத்தில் சேர்ந்த நாட்டின் மண்ணிலோ, அந்த நாட்டுக் குடிமக்களாலோ நடந்த குற்றங்களைத்தான் அது எடுக்கும். சிரியா அதில் சேரவில்லை. ஒரே வழி, ஐ.நா. பாதுகாப்புச் சபை வழக்கை அங்கே அனுப்புவது. 2014 மே 22 அன்று அந்தத் தீர்மானம் வந்தது. 15 நாடுகளில் 13 ஆதரவு. ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ. அத்தோடு அந்தக் கதவு மூடியது.

அதன் பிறகு சிரியர்களுக்கு மிச்சம் இருந்தது, தாங்கள் அகதிகளாக வந்து சேர்ந்த நாடுகளின் சாதாரண நீதிமன்றங்கள் மட்டும்தான்.

டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே லாக் எடுத்து வெச்சாங்க

ஜெர்மனி 2002இல் தன் நாட்டுக்கென்று சர்வதேசக் குற்றங்களுக்கான தனிச் சட்டம் கொண்டு வந்தது. இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம் ஆகியவற்றை, வெளிநாட்டில் நடந்து ஜெர்மனிக்குச் சம்பந்தமே இல்லையென்றாலும், விசாரிக்கலாம் என்று முதல் பிரிவிலேயே சொல்லிவிட்டது. ஆனால் சட்டம் புத்தகத்தில் இருப்பதும் அதை ஓட வைப்பதும் வேற வேற.

2011 செப்டம்பரில், அதாவது போராட்டம் தொடங்கி ஆறே மாதத்தில், ஜெர்மன் கூட்டாட்சி அரசு வழக்கறிஞர் அலுவலகம் சிரியா பற்றி ஒரு 'கட்டமைப்பு விசாரணை' ஆரம்பித்தது. இது சுவாரசியமான விஷயம். குற்றவாளி யார் என்று பெயரே இல்லாமல் தொடங்கும் விசாரணை. எந்தெந்த உளவுப் பிரிவு, யார் யாருக்குக் கீழே, கட்டளை எப்படிப் போகும், எந்தச் சிறை எங்கே இருக்கிறது, யார் பார்த்தார்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்து வைப்பது.

நம்ம வேலையில இது ரொம்பப் பழக்கமானது இல்லையா? புரொடக்‌ஷன் சர்வர் விழுந்த அப்புறம் லாக் தேடினா, அது ஏற்கெனவே அழிஞ்சிருக்கும். பிரச்சினை எதுன்னு தெரியறதுக்கு முன்னாடியே லாக் சேர்த்து வெச்சாதான், டிக்கெட் வரும்போது பதில் சொல்ல முடியும். ஜெர்மன்காரங்க எட்டு வருஷம் லாக் சேர்த்தாங்க. 2015இல் பெரும் எண்ணிக்கையில் சிரிய அகதிகள் வந்தபோது, சாட்சிகளும் அவங்களோடயே வந்தாங்க. கொஞ்சம் குற்றம் சாட்டப்பட்டவங்களும் வந்தாங்க.

கோப்லென்ஸ் அறையில்

கோப்லென்ஸ், ரைன் நதியும் மோசெல் நதியும் சேருகிற இடத்தில் இருக்கிற ஒரு நடுத்தர ஊர். 2020 ஏப்ரல் 23 அன்று, கொரோனா ஊரடங்குக்கு நடுவே, வழக்கு தொடங்கியது. அசாத் அரசின் சித்திரவதைகள் பற்றி உலகத்தில் எங்கேயுமே நடந்த முதல் குற்றவியல் வழக்கு இது. 108 நாள் விசாரணை. 80க்கும் மேற்பட்ட சாட்சிகள்.

குற்றச்சாட்டின் காலம் 2011 ஏப்ரல் கடைசியிலிருந்து 2012 செப்டம்பர் வரை. குறைந்தது 4000 பேருக்குச் சித்திரவதை, 58 கொலை. ரஸ்லான் தன் கையால் அடித்தார் என்பது இந்த வழக்கின் மையம் இல்லை. அவர் தலைமை தாங்கிய இடத்தில், அவருக்குத் தெரிந்து, அவருடைய மேற்பார்வையில் நடந்தது என்பதுதான் வழக்கு.

அதை எப்படி நிரூபிப்பது? குற்றம் நடந்த இடத்துக்கு ஜெர்மன் போலீஸ் போக முடியாது. கைரேகை எடுக்க முடியாது. அதனால் ஆதாரம் முழுக்க வெளியே வந்த மனிதர்களும் வெளியே வந்த காகிதங்களும் படங்களும்தான்.

முதலில், உயிரோடு தப்பியவர்கள். நிற்க இடமில்லாத அறைகள், தூங்குவதற்கு முறைவைத்துக்கொண்டது, கண்ணைக் கட்டியபடி விசாரணை, கைகளைக் கட்டித் தொங்கவிட்டது, பக்கத்து அறையிலிருந்து இரவும் பகலும் கேட்ட அலறல் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து சொன்னார்கள். ஒருவரையொருவர் தெரியாத சாட்சிகள் ஒரே கட்டடத்தை ஒரே மாதிரி வர்ணித்தார்கள். அந்த அலறல் ஏன் முக்கியம் என்றால், அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்தவர் 'எனக்குக் கேட்கவில்லை' என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, 'சீசர்' படங்கள். சிரிய ராணுவக் காவல்துறையில் ஒரு புகைப்படக்காரர் இருந்தார். காவலில் இறந்தவர்களின் உடல்களைப் படமெடுப்பது அவர் வேலை. ஒவ்வொரு உடலிலும் எண் எழுதியிருக்கும். எந்தப் பிரிவில் இறந்தார் என்பதற்கும் ஒரு எண். 2013இல் சுமார் 53,000 படங்களோடு அவர் நாட்டை விட்டு வெளியேறினார். பல வருடம் 'சீசர்' என்ற புனைபெயரில் மட்டுமே அறியப்பட்டவர், 2025இல்தான் தொலைக்காட்சியில் முகம் காட்டினார். அந்தப் படங்களை கொலோன் நகரத்துத் தடயவியல் பேராசிரியர் ஒருவர் ஆராய்ந்து, பட்டினியின் அடையாளம் எது, அடியின் அடையாளம் எது என்று நீதிமன்றத்தில் விளக்கினார்.

எனக்கு இங்கே ஒரு கேள்வி இருந்தது. ஒரு அரசு ஏன் தன் குற்றத்துக்குத் தானே ஆவணம் வைக்கும்? அதிகார வர்க்கத்துக்கு ரசீது வேண்டும், அவ்வளவுதான். மேலே இருப்பவருக்கு 'வேலை முடிந்தது' என்று காட்ட ஃபைல் வேண்டும். குற்றத்தை நடத்திய அதே நிர்வாக ஒழுங்கு, குற்றத்துக்குச் சாட்சியாகவும் ஆனது.

மூன்றாவது, முகத்தை மறைத்துக்கொண்டு வந்த ஒரு சாட்சி. டமாஸ்கஸில் சவ அடக்கத் துறையில் வேலை பார்த்தவர். உளவுப் பிரிவுகளிலிருந்து உடல்கள் லாரிகளில் வரும். அவற்றைக் கூட்டுப் புதைகுழிகளில் புதைக்கிற பணியாளர்களை வேனில் ஏற்றிப் போவது அவர் வேலை. விசாரணையில் அவர் பெயர் வெளியிடப்படவில்லை. இது மாதிரிப் பல சாட்சிகளின் குடும்பங்கள் அப்போது சிரியாவில் இருந்தன. ஒரு பெயர் வெளியே போனால், அங்கே யாரோ ஒருவர் வீட்டுக் கதவு தட்டப்படும். அந்தப் பயத்தோடுதான் பலர் கூண்டேறினார்கள்.

ரஸ்லான் தரப்பு என்ன சொன்னது? அவர் நீதிமன்றத்தில் நேரடியாகப் பேசவில்லை. அவருடைய அறிக்கையை வக்கீல்கள் வாசித்தார்கள். 'நான் யாரையும் அடிக்கவில்லை, அடிக்கச் சொல்லவும் இல்லை. 2011 நடுவிலேயே என் அதிகாரம் பறிக்கப்பட்டது. முடிந்தபோது கைதிகளுக்கு உதவினேன்' என்றார். சிரிய எதிரணியின் மூத்த தலைவர் ரியாத் சைஃப், ரஸ்லான் ஜெர்மனி வரத் தான்தான் உதவியதாகச் சாட்சி சொன்னார். ஆகவே இது கறுப்பு வெள்ளைக் கதை இல்லை.

நீதிமன்றம் அதையும் எடைபோட்டது. விலகி வந்ததற்காக, அதற்கு முன் செய்தது அழிந்துவிடாது என்றது. 4000 பேர் சித்திரவதைக்கும் 27 கொலைகளுக்கும் பொறுப்பு என்று, மானுடத்துக்கு எதிரான குற்றத்துக்காக ஆயுள் தண்டனை விதித்தது. 58 கேட்ட இடத்தில் 27. இந்த வித்தியாசம் எனக்குப் பிடிச்சிருந்தது. நிரூபிக்க முடிஞ்சதைத்தான் எழுதினாங்க. 2024 மார்ச்சில் ஜெர்மனியின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

தன் வாயால் கெட்டவர்

ரஸ்லானோடு இன்னொருவரும் கூண்டில் இருந்தார். இயாத் அல்-கரீப். கீழ்மட்டப் பணியாளர். 2011 இலையுதிர்காலத்தில் டூமா என்கிற ஊரில் போராடியவர்கள் குறைந்தது 30 பேரைப் பிடித்து பிரிவு 251க்குப் பஸ்ஸில் கொண்டுபோன வேலையில் இருந்தார். 2012 தொடக்கத்திலேயே தப்பி ஓடிவிட்டார். உடந்தைக் குற்றத்துக்காக 2021 பிப்ரவரியில் நாலரை வருடம் சிறை.

அவருக்கு எதிரான முக்கிய ஆதாரம் எது தெரியுமா? அவரே சொன்னதுதான். ஜெர்மனியில் தஞ்சம் கேட்டபோது நடந்த நேர்காணலில், நான் அங்கே வேலை செய்தேன், இதையெல்லாம் பார்த்தேன், அதனால்தான் ஓடி வந்தேன் என்று சொன்னார். அதுவே விசாரணைக்கு வழி திறந்தது.

இதுல என்னால ஒரு முடிவுக்கு வர முடியலை. ஒரு பக்கம், அந்த 30 பேர் எங்கே போகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பஸ் போகாம இருந்தா அவங்க அந்த அறைக்குள்ள போயிருக்க மாட்டாங்க. இன்னொரு பக்கம், கட்டளை போட்டவங்க அப்போ டமாஸ்கஸில் நிம்மதியாக இருந்தாங்க. துப்பாக்கியைப் போட்டுட்டு ஓடினவர் உள்ளே. இனிமே தப்பி வர்ற அடுத்த ஆள் அந்த நேர்காணலில் வாயைத் திறப்பாரா? அவர் திறக்கலைன்னா மேலே இருக்கிறவங்களுக்கு எதிரான சாட்சி எங்கிருந்து வரும்? சிரியர்களுக்குள்ளேயே இதைப் பத்தி ரெண்டு கருத்து இருக்கு. தப்பியவங்களில் பலர், கீழ்மட்டம் என்பது மன்னிப்புச் சீட்டு இல்லைன்னுதான் சொல்றாங்க. அவங்க சொல்றதுக்கு என்னைவிட உரிமை அதிகம்.

யாருக்குப் புரியணும்?

இந்த வழக்கில் எனக்குக் கோபம் வந்த இடம் ஒண்ணு உண்டு. விசாரணை ஜெர்மன் மொழியில் நடந்தது. அரபு மொழிபெயர்ப்பு வழக்கில் சம்பந்தப்பட்டவங்களுக்கு மட்டும். பின்னால் உட்கார்ந்திருந்த சிரியர்களுக்கு, அதாவது யாருடைய அண்ணன், யாருடைய மகள் பற்றிப் பேச்சு நடக்கிறதோ அவங்களுக்கு, ஒண்ணும் புரியலை. பத்திரிகையாளர்கள் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார்கள். 2020 ஆகஸ்டில், அனுமதி பெற்ற அரபு பத்திரிகையாளர்களுக்கு மொழிபெயர்ப்பைக் கேட்க வழி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. விசாரணையை ஒலிப்பதிவு செய்யவும் அனுமதி மறுக்கப்பட்டது, எதிர்கால ஆராய்ச்சிக்குக்கூட.

நம்ம ஊர்ல கோர்ட்டுக்குப் போயிட்டு, வக்கீலும் ஜட்ஜும் இங்கிலீஷ்ல என்ன பேசிக்கிட்டாங்கன்னே தெரியாம வெளிய வந்தவங்களுக்கு இந்த வலி புரியும். நீதி வழங்கினா மட்டும் போதாது, அது யாருக்காகவோ அவங்க காதுக்குப் போய்ச் சேரணும். இந்த விமர்சனம் வீண் போகலை. 2024இல் ஜெர்மனி சட்டத்தைத் திருத்தி, இந்த மாதிரி வழக்குகளில் மொழிபெயர்ப்புக்கும் வரலாற்றுக்கான பதிவுக்கும் வழி செய்தது.

எங்கே உடையும்?

எந்த சிஸ்டமா இருந்தாலும் எங்கே ஃபெயில் ஆகும்னு பார்க்காம விடக்கூடாது.

முதல் பலவீனம், பெரிய நாடுகளின் அழுத்தம். பெல்ஜியம் 1993இல் மிகத் தாராளமான சட்டம் கொண்டு வந்தது. 2001இல் ருவாண்டா இனப்படுகொலையில் பங்கேற்ற நாலு பேரைத் தண்டித்தது. அதுவரை பிரச்சினை இல்லை. அப்புறம் அமெரிக்க, இஸ்ரேலியத் தலைவர்கள் மேலேயும் புகார்கள் குவிந்தன. 2003இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட், நேட்டோ தலைமையகம் பிரஸ்ஸல்ஸில் இருப்பதைப் பற்றியே பேச ஆரம்பித்தார். அதே வருடம் சட்டம் ரத்து. ருவாண்டாக்காரர்களுக்கு ஒரு நியாயம், வல்லரசுக்கு ஒரு நியாயமா என்று ஆப்பிரிக்க நாடுகள் கேட்பது இதனால்தான். அந்தக் கேள்விக்கு இன்னும் சரியான பதில் இல்லை.

இரண்டாவது, பதவிக் கவசம். பதவியில் இருக்கும் அதிபர், பிரதமர், வெளியுறவு அமைச்சர் ஆகியோரை இன்னொரு நாட்டின் நீதிமன்றம் தொட முடியாது என்று 2002இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 நவம்பரில் பிரான்ஸ் நீதிபதிகள் அசாத்துக்குப் பிடிவாரண்ட் போட்டார்கள். 2025 ஜூலையில் பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காரணம், வாரண்ட் போட்டபோது அவர் பதவியில் இருந்தார். பதவி போன பிறகு புதிதாக வாரண்ட் போடத் தடையில்லை என்றும் சொன்னது.

மூன்றாவது, தீர்ப்புக்கு அப்புறமும் அரசியல். ஈரானில் 1988இல் அரசியல் கைதிகள் கூட்டமாகத் தூக்கிலிடப்பட்ட வழக்கில், ஹமீத் நூரி என்கிற முன்னாள் சிறை அதிகாரியை ஸ்வீடன் பிடித்து 2022இல் ஆயுள் தண்டனை கொடுத்தது. 2024 ஜூனில், ஈரான் பிடித்து வைத்திருந்த ஸ்வீடன்காரர்களுக்கு மாற்றாக அவரை விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். சாட்சி சொன்னவர்கள் அன்றைக்கு எப்படி இருந்திருப்பார்கள் என்று நினைத்தாலே மனசு கனக்குது.

இதெல்லாம் ஐரோப்பாக்காரன் ஆப்பிரிக்காக்காரனுக்கும் ஆசியாக்காரனுக்கும் வகுப்பெடுக்கிற வேலை மட்டும்தானா? இல்லை. சாட் நாட்டு சர்வாதிகாரி ஹிஸ்ஸேன் ஹாப்ரே 1990இல் பதவி பறிபோய் செனகலுக்கு ஓடி, அங்கே சொகுசாக இருந்தார். பாதிக்கப்பட்டவர்கள் விடவில்லை, வருடக்கணக்கில் துரத்தினார்கள். 2012இல் சர்வதேச நீதிமன்றம் செனகலிடம், விசாரி, இல்லையென்றால் ஒப்படை என்றது. ஆப்பிரிக்க ஒன்றியத்தோடு சேர்ந்து டக்கார் நகரில் சிறப்பு நீதிமன்றம் அமைந்தது. 2016 மே 30 அன்று ஆயுள் தண்டனை. ஆப்பிரிக்க மண்ணில், ஆப்பிரிக்க நீதிபதிகள் முன்னால்.

நம்ம பக்கம்

இதைக் கேட்கும் தமிழர்களுக்கு இந்நேரம் முள்ளிவாய்க்கால் ஞாபகம் வந்திருக்கும். இலங்கையும் தி ஹேக் சாசனத்தில் சேரவில்லை. அதனால் அங்கேயும் பேச்சு இந்த நாலாவது கதவைச் சுற்றித்தான். இறுதிப் போர்க் காலத்தில் வன்னிப் படைகளின் தளபதியாக இருந்த ஜகத் ஜயசூரிய பின்னர் பிரேசிலுக்குத் தூதராகப் போனார். 2017 ஆகஸ்டில் மனித உரிமை அமைப்புகள் பிரேசிலிலும் கொலம்பியாவிலும் அவர் மேல் புகார் கொடுத்தன. அதே நேரத்தில் அவர் பிரேசிலை விட்டுக் கிளம்பிவிட்டார். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். பதவிக்காலம் முடிந்து திரும்பியதாகத் தரப்பட்டது விளக்கம். 2022இல் கோட்டாபய ராஜபக்ச சிங்கப்பூரில் இருந்தபோது அங்கேயும் புகார் போனது. எதுவும் விசாரணைக்கு வரவில்லை. குற்றம் நடந்ததா இல்லையா என்று சொல்லும் இடத்துக்கே ஒரு நீதிமன்றம் போகவில்லை. கோப்லென்ஸுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம், ஆள் அங்கேயே குடியிருந்தாரா, எட்டு வருஷ ஃபைல் முன்கூட்டியே தயாராக இருந்ததா என்பதுதான்.

இந்தியாவில் இப்படி ஒரு வழக்குப் போட முடியுமா? ஒரு சட்டம் இருக்கு. ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம், 1960. உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ 'எந்த நபர்' கடும் மீறல் செய்தாலும் தண்டிக்கலாம் என்று அதில் எழுதியிருக்கு. ஆனா அரசு புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் எடுக்க முடியும். பாதிக்கப்பட்டவர் நேரடியாகப் போக முடியாது. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்துப் போட்டது, இன்னும் உறுதிப்படுத்தவில்லை. ஆக, கதவு இருக்கு. சாவி அரசாங்கத்தோட பாக்கெட்டுல இருக்கு.

இப்போ என்ன ஆச்சு?

2024 டிசம்பர் 8 அன்று அசாத் ஆட்சி விழுந்தது. அவர் மாஸ்கோவுக்குப் போய்விட்டார். சிறைகள் திறந்தன, காணாமல் போனவர்களின் குடும்பங்கள் ஃபைல்களைத் தேடி ஓடின. 2025 ஜூனில், ராணுவ மருத்துவமனையில் கைதிகளைச் சித்திரவதை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட சிரிய மருத்துவர் ஒருவருக்கு ஃப்ராங்க்ஃபர்ட் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. அவர் ஜெர்மனியில் பல வருடம் டாக்டராக வேலை பார்த்தவர்.

டமாஸ்கஸே திறந்த பிறகு இனி கோப்லென்ஸ் எதற்கு என்று கேட்கலாம். சிரியாவில் ஒரு நேர்மையான நீதிமன்றம் எழுந்து நின்றால், அந்த வழக்குகள் அங்கேதான் போகணும், அங்கே அரபு மொழியில்தான் நடக்கணும். அதுதான் 'உரிய ஸ்டேஷன்'. ஆனா அது நாளைக்கே நடக்கப்போறதில்லை. நடக்கிற அன்னைக்கு அவங்க முதலில் எடுத்துப் பார்க்கப்போற ஃபைல்களில் ஒண்ணு, 80க்கும் மேற்பட்டவங்க பயத்தோட வந்து பேசி, எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை பண்ணி, அதுக்கப்புறமும் நின்ன கோப்லென்ஸ் ஃபைலாகத்தான் இருக்கும். பிரிவு 251இல் அப்படி எதுவும் நடக்கவே இல்லைன்னு இனிமே யாராலும் சுலபமா சொல்லிட முடியாது.

எபிசோட் கொஞ்சம் கனமா போயிடுச்சு, தெரியும். 'கீழ்மட்டப் பணியாளரைத் தண்டிச்சது சரியா?' என்கிற கேள்விக்கு நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. வக்கீல் நண்பர்கள் யாராவது கேட்டுக்கிட்டிருந்தா, நான் எங்கேயாவது தப்பா சொல்லியிருந்தா கண்டிப்பா திருத்துங்க. அடுத்த எபிசோட் ஆரம்பத்திலேயே அதைச் சொல்லிடுவேன்.

 அடுத்த வாரம் பார்ப்போம்.